வெளிநாட்டு மாப்பிள்ளையும் காரைக்குடி மெஸ்களும்: சில வருஷ அனுபவம்

காரைக்குடிப் பக்கம் வெளிநாட்டுக்காரரோடு சாப்பிடப் போனால் கடைகளில் எப்படி நடத்துகிறார்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். ரெண்டு நாள் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் எழுதியது நிறையக் கிடைக்கும். அன்பாகப் பரிமாறினார்கள், காரம் தாங்க முடியவில்லை, இந்த இரண்டும் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும். இங்கேயே குடியிருந்து, அதே மெஸ்ஸுக்கு வருஷக்கணக்கில் போய் வந்தால் அந்த அன்பு கூடுகிறதா குறைகிறதா என்று யாரும் எழுதிக் காணோம். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் பிறந்தது தேவகோட்டை. கணவருக்கு பெல்ஜியம். பழைய வீடுகளை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு, அதனால் காரைக்குடியிலேயே செக்காலைப் பக்கம் வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்டோம். இரண்டு பேருக்கும் வெளிவேலை இருப்பதால் பாதி நாள் மதியச் சாப்பாடு கடையில்தான். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், மெதுவாகப் பேசுவார், அவ்வளவுதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை கிடைக்கிற உபசாரத்தை வைத்து எந்தக் கடையையும் எடை போடாதீர்கள். அது நம் ஊரில் யார் வந்தாலும் கிடைக்கும், வெள்ளைத் தோல் என்றால் கொஞ்சம் தூக்கலாகவே கிடைக்கும். சர்வர் குனிந்து, கல்லாவில் இருப்பவர் காதில் விழாமல், "இன்னைக்கு அது வேணாம், நல்லா இல்ல" என்று எப்போது சொல்கிறாரோ அப்போதுதான் அவர் உங்களைத் தன் ஆளாக எண்ணிவிட்டார் என்று அர்த்தம். அந்த இடத்துக்கு வந்து சேர எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்றால், உள்ளே நுழைந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற மேசை காலியாகும். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரைக்கூட "அண்ணே, செத்த அங்கிட்டு" என்று நகர்த்துவார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கும். எல்லாருக்கும் இலை, இவருக்கு மட்டும் எவர்சில்வர் தட்டும் ஸ்பூனும். கேட்காமலே தண்ணீர் பாட்டில் மூடி திறக்கப்படும், அது பில்லிலும் ஏறும். அப்புறம் என்னைப் பார்த்து, "சாருக்குக் காரம் கம்மியா வைக்கச் சொல்லவா?"

இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மெஸ்ஸில் குழம்பு காலையிலேயே பெரிய அண்டாவில் ஆகிவிடும். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு எல்லாம் வாளியில் வருகிறது. ஒரு ஆளுக்காக அதில் காரத்தைக் குறைக்க எந்த மாஸ்டராலும் முடியாது. சர்வரால் முடிந்ததெல்லாம் குழம்பைக் குறைத்து ஊற்றித் தயிரைக் கூட வைப்பதுதான். ஆக, காரம் கம்மி என்று சொல்லிவிட்டால் சாப்பாடே கம்மியாகத்தான் வரும். இவர் முதல் சில மாதம் தயிர்சாதமும் ஆம்லெட்டுமாகத்தான் செட்டிநாட்டுச் சமையலைச் சாப்பிட்டார், அதுவும் அவர்களாக அன்போடு முடிவு செய்து கொண்டுவந்து வைத்தது. எங்கள் வீடுகளில் வெண்டைக்காய் மண்டி, கும்மாயம், கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம் என்று காரத்தோடு பெரிய சம்பந்தம் இல்லாத பண்டம் எத்தனை இருக்கிறது! வெளியூர் ஹோட்டல் பலகைகள்தான் செட்டிநாடு என்றால் மிளகாய் என்று ஆக்கி வைத்திருக்கின்றன. அதை உள்ளூர் சர்வரும் நம்பி, வெள்ளைக்காரர் வந்தால் பயப்படுகிறார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம், கேள்வி என்னிடம் வருவது. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், தமிழில்தான் "வணக்கம்ண்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், ஆனாலும் "சாருக்கு ரசம் வேணுமா? சார் மோர் குடிப்பாரா?" எல்லாம் என்னைப் பார்த்து. இவர் "ரசம் ஊத்துங்க" என்று பதில் சொன்னாலும் அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, தெரியும். ஆனால் ஒரு மனுஷன் தினம் தினம் தன் சாப்பாட்டைப் பற்றித் தன்னைத் தாண்டி இன்னொருவரிடம் கேட்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசான விஷயம் இல்லை. வெளிநாட்டு நண்பரோடு போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள்: கேள்வி உங்களிடம் வந்தால் பதில் சொல்லாமல் அவரைப் பாருங்கள். சர்வரும் திரும்பிப் பார்ப்பார். நான் இதை விடாமல் செய்தேன், வேலை செய்தது.

பில் விஷயம். தொடுகறிகளைச் சின்னச் சின்னக் கிண்ணத்தில் ஒரு பெரிய தட்டில் அடுக்கி மேசைக்கே கொண்டுவந்து காட்டுவது இங்கே பல மெஸ்களில் வழக்கம். மட்டன் சுக்கா, காடை, நண்டு, இறால் தொக்கு, மூளை. புதிதாக வருகிற வெளிநாட்டுக்காரர்கள் இதெல்லாம் சாப்பாட்டோடு சேர்த்தி என்று எண்ணி நாலைந்தை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பில் வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று போய் எழுதுவார்கள். ஏமாற்று இல்லை, எடுத்த ஒவ்வொன்றுக்கும் தனி விலை, உள்ளூர்க்காரருக்கும் அதேதான். ஆனால் அதை எடுப்பதற்கு முன்னால் சொல்கிற சர்வரும் இருக்கிறார், சொல்லாமல் தட்டை இன்னும் கிட்டே நீட்டுகிற சர்வரும் இருக்கிறார். வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான்.

இரட்டை விலை என்பதை நாங்கள் போகிற மெஸ்களில் நான் பார்த்ததே இல்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். திருமயம் கோட்டைக்குப் போனால் தொல்லியல் துறையே இந்தியருக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய் என்று எழுதிப் போட்டிருக்கிறது. (ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரை மணந்தவர்களுக்கும் அரசு தருகிற அட்டை, இருந்தால் இந்தியருக்கான கட்டணம்தான், அட்டையைக் கையில் வைத்திருங்கள்.) மெஸ்ஸில் பலகையில் எழுதியிருக்கிற விலைதான் எல்லாருக்கும்.

மோசமான அனுபவமும் உண்டு. ஊருக்கு வெளியே மெயின் ரோட்டில் சுற்றுலா வண்டிகள் நிற்கிற ஒரு ஏசி ஹோட்டல், பெயர் வேண்டாம். அங்கே இவருக்குக் கொடுத்த மெனு அட்டையில் மீன், நண்டு வகைக்கு விலையே போடவில்லை. கேட்டால் "மார்க்கெட் விலை மேடம்" என்றார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் ஒரு பையன் வந்து, "அக்கா, உங்களுக்கு உள்ள தனியாச் சாப்பாடு இருக்கு, கமிஷன் கல்லால வாங்கிக்கோங்க" என்றான். என்னை கைடு என்று நினைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரரோடு ஒரு தமிழ்ப் பெண் வந்தால் அவள் கூலிக்கு வந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தக் கமிஷன் எங்கிருந்து வருகிறது? விலை போடாத அந்த மீனிலிருந்துதான். மறுபடி ஒரு முறை, உறவினர்கள் கட்டாயத்தில் போனோம், அதே முகங்கள், அதே அட்டை, அதே "வெல்கம் சார்". யாருக்கும் எங்களை ஞாபகம் இல்லை. வருகிற ஒவ்வொருவரும் நாளைக்கு வேறு ஊரில் இருப்பார் என்று கணக்குப் போட்டு நடத்துகிற கடை அது, அங்கே நூறு தடவை போனாலும் நீங்கள் முதல் தடவை வந்தவர்தான்.

மெஸ்ஸுக்குத் திரும்புகிறேன். அங்கே மாற்றம் தொடங்கியது ஒரு கோடையில் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி, போனால் மார்ச் முதல் வாரம் வரை. அதற்கு மேல் ஒரு வெள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. கத்திரி வெயிலில், மே மாதத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க இவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்துத்தான் கல்லாவில் இருந்த பெரியவர் முதன்முதலாக இவரிடமே பேசினார். "ஊருக்குப் போகலையா?" "இல்லைங்கய்யா, இங்கதான் வீடு." "எந்த நாடு?" "பெல்ஜியம்." பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "பெல்ஜியமா! எங்க ஐயா வீட்டு முகப்புல மாட்டியிருந்த கண்ணாடி உங்க ஊருதான்." பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். கப்பலேறிப் போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய ஊர்கள் இவை, அதனால் வெளிநாடு என்றால் இங்கே யாரும் மிரள்வதில்லை, எந்த நாடு என்று தெரிந்துவிட்டால் போதும், அந்த நாட்டிலிருந்து வந்த ஒரு பொருளாவது யார் வீட்டிலாவது இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அந்த "வேணாம்" முதல் தடவை வந்தது. தட்டு மேசைக்கு வந்தது, இவர் வஞ்சிர வறுவலை நோக்கிக் கையை நீட்டினார். பரிமாறுகிற அண்ணன் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "தடைக்காலம் சார். ஐஸ் மீனு. காடை எடுங்க" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வருகிற நல்ல மீன் இந்த நாட்களில் குறைந்துவிடும், வெளியூர் ஐஸ் மீனை வைத்து ஒப்பேற்றுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும், அவர்களாகவே மீனைத் தொடமாட்டார்கள். தெரியாத ஆளிடம் தள்ளிவிட்டால் கடைக்கு லாபம். அதைத் தள்ளாமல், விலை குறைந்த காடையைக் காட்டினார் பாருங்கள், அதற்குப் பிறகு நாங்கள் வேறு மெஸ்ஸைத் தேடவே இல்லை.

இதே அண்ணனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணவர் இடதுகைக்காரர். இலையில் இடது கையால் சாப்பிடுவது நம் பக்கம் எப்படிப் பார்க்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை, என் பெரியம்மா முதல் விருந்திலேயே முகத்தைச் சுளித்தார். மெஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், முழங்கையும் அவர் மேல் இடிக்கும். யாரும் எதுவும் பேசவில்லை, ஆனால் சில வாரம் கழித்துக் கவனித்தேன், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அண்ணன் இவரைச் சுவரோரம், வரிசையின் இடது ஓரத்தில்தான் உட்கார வைக்கிறார். இடது முழங்கைக்குச் சுவர்ப் பக்கம் இடம் தாராளம், யார் மேலும் படாது. தண்ணீர் டம்ளரையும் இலைக்கு வலது பக்கம் மாற்றி வைத்தார், சும்மா இருக்கிற வலது கைக்கு வசதியாக. ஸ்பூன் தருவதை எப்போது நிறுத்தினார் என்றே நினைவில்லை. இதற்கெல்லாம் அந்த அண்ணனுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். நட்சத்திர ஹோட்டல்களில் விருந்தோம்பல் படித்தவர்கள் செய்யாத காரியத்தை ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதர் கையில் குழம்பு வாளியோடு ஓடுகிற ஓட்டத்தில் செய்தார்.

புரட்டாசி மாதத்தில் அசைவ மெஸ்கள் ஈ ஓட்டும். அப்போதுதான் இவர்களோடு பேச நேரம் கிடைக்கும். ஒரு புரட்டாசியில் மாஸ்டர் இவரைச் சமையல்கட்டுக்கே கூப்பிட்டு, உள்ளங்கையில் கல்பாசி, மராட்டி மொக்கு என்ற மசாலாச் சாமான்களை வைத்துத் தனித்தனியாக மோந்து பார்க்கச் சொன்னார். மாஸ்டர் மலேசியாவில் பல வருஷம் இருந்து திரும்பியவர், வேற்றூரில் சாப்பாட்டுக்கு நின்ற அனுபவம் அவருக்கும் உண்டு. அதே மெஸ்ஸில் இலை எடுக்கிற ஒடிசாப் பையன் ஒருவன், வந்த புதிதில் அவனுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. கொஞ்சம் வந்ததும் இவரும் அவனும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள், இருவருக்கும் பொதுவாக அது ஒன்றுதான் இருந்தது. ஒரே கடையில் வெளியூர்க்காரர் இரண்டு பேர். ஆனால் பெல்ஜியத்துக்காரருக்கு மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததும், அந்தப் பையனை வாடிக்கையாளர்கள் "டேய் இந்திக்காரா" என்று கூப்பிட்டதும் எனக்கு உறைத்தது. வெளியூர்க்காரரை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பேசும்போது அவனையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கல்லாப் பெரியவர் அப்படிக் கூப்பிட்ட ஒருவரை, "அவனுக்குப் பேர் இருக்கு, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று ஒரு தடவை நிறுத்தினார். அதற்காகவும் அந்தக் கடை மேல் எனக்கு மரியாதை.

சார் எப்போது மாப்பிள்ளை ஆனார் என்றால், நான் தேவகோட்டை என்று தெரிந்த பிறகு. "அப்ப நம்ம பக்கத்து மாப்ள!" என்று அண்ணன் சொன்னதிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது. மாப்பிள்ளை ஆனதும் சலுகை கூடும் என்று நினைத்தால், குறைந்துதான் போனது. இடம் இல்லை என்றால் "மாப்ள, அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்று எல்லாரோடும் நிற்க வைப்பார்கள். சோற்றை மிச்சம் வைத்தால் "என்ன மாப்ள, வீணாக்குறீங்க" என்று கேட்டுவிடுவார்கள். யாராவது செல்ஃபி கேட்டு மேசைக்கு வந்தால் "அவரு சாப்புடட்டும், போங்கப்பா" என்று அண்ணனே விரட்டிவிடுவார். நிற்க வைத்த அன்று இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இவர் ஊருக்குப் போய்ச் சில மாதம் இருந்தபோது நான் தனியாகத்தான் சாப்பிடப் போனேன். ஒவ்வொரு தடவையும் "மாப்ள அம்மா எப்படி இருக்காக?" என்று விசாரிக்காமல் இலை போட்டதில்லை. திரும்பி வந்த அன்று "இளைச்சிட்டீங்க" என்று சொல்லிக் கேட்காமலே ஒரு உப்புக்கறியை வைத்தார் அண்ணன். பில்லில் அது இல்லை.

பழைய வீடுகளில் நடக்கிற பாரம்பரிய ஹோட்டல்களைப் பற்றியும் கேட்பீர்கள். காரைக்குடி பங்களா 1999-லிருந்து நடக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் இலைச் சாப்பாடு. கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்டெடுத்த சாரதா விலாஸ். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதிலிருந்து இந்த வகை வீடுகள் மேல் கவனம் கூடியிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே சீரான மரியாதை, வெளிநாட்டுக்காரர்தான் அவர்களுக்கு வாடிக்கை என்பதால் யாரும் உற்றுப் பார்ப்பதுமில்லை. வயதான பெற்றோர், முதல் தடவை இந்தியா வருகிறவர்கள் என்றால் நான் அங்கேதான் கூட்டிப் போவேன். இவர் அம்மா வந்தபோதும் அப்படித்தான் செய்தேன். ராத்திரி புரோட்டாக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கல்லில் தட்டுகிற வேகத்தில் யார் எந்த நாடு என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை, அதுவே நல்லது.

புதிதாக இங்கே தங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது, கடையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒன்று இரண்டைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள், முடிந்தால் ஒரே சர்வர் பார்க்கிற மேசையில். டிப்ஸை முதல் நாளே நூறு, இருநூறு என்று அள்ளி வைக்காதீர்கள், அப்படி வைத்தால் அடுத்த தடவையும் தட்டு நிறைய மீனோடுதான் வருவார்கள். உள்ளூர்க்காரர் வைக்கிற பத்து, இருபது போதும், தீபாவளிக்குத் தனியாகக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்தால் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். சர்வர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணே சேர்த்துக் கூப்பிடுங்கள். ஒரு மணிக்கு மேல் போனால் நண்டு தீர்ந்துவிடும், பன்னிரண்டே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.